1905–1912 பகுதியை ஒரு நவாப் வழியாகப் படித்தேன்

குடிமைப் பணித் தேர்வுக்கு வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தவர்களுக்குத் தெரியும், இந்த ஏழு ஆண்டுகள் எவ்வளவு படுத்தும் என்று. வங்கப் பிரிவினை, சுதேசி, முஸ்லிம் லீக், மிண்டோ-மார்லி சீர்திருத்தம், பிரிவினை ரத்து என்று எல்லாம் தனித்தனித் தலைப்பாகக் கிடக்கும். நான் இவற்றை டாக்கா நவாப் குவாஜா சலிமுல்லா என்ற ஒரே ஜமீன்தாரின் வாழ்க்கையில் கோத்துப் படித்தேன். ஆண்டுகள் தானாகவே வரிசையில் நின்றன.

முதலில் நிலத்தைப் பாருங்கள், அரசியல் அப்புறம். காஷ்மீரிலிருந்து வந்த வணிகக் குடும்பம் அது. ஜமீன்தார் கட்டவேண்டிய நிலவரியை ஆங்கிலேயர் நிலையாக நிர்ணயித்த 1793 நிரந்தரத் தீர்வுக்குப் பின், கெடு நாள் சூரியன் மறைவதற்குள் வரி கட்டாத பழைய ஜமீன்களெல்லாம் ஏலத்துக்கு வந்த காலத்தில் நிலம் வாங்கி வளர்ந்தார்கள். வீட்டில் உருது, குடியானவர்கள் பேசுவது வங்காளி. 1901இல் சலிமுல்லா நவாப் ஆனார்.

1905 அக்டோபர் 16. வங்கம் பிரிக்கப்பட்டு கிழக்கு வங்காளம்-அசாம் என்ற புது மாகாணம், தலைநகர் டாக்கா. கல்கத்தாவை நம்பியிருந்த ஜமீன்தாருக்கும் வக்கீலுக்கும் இது இழப்பு. டாக்கா நவாபுக்கு லாபம். அன்றைக்கே நார்த்புரூக் ஹாலில் ஆதரவுக் கூட்டம் நடத்தினார். இதை வெறும் இந்து-முஸ்லிம் மோதல் என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். அவருடைய சகோதரர் அதிகுல்லாவே 1906 கல்கத்தா காங்கிரசில் பிரிவினைக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். விடையில் இந்த ஒரு வரி இருந்தால் கனம் கூடும்.

1906 அக்டோபரில் வைஸ்ராய் மிண்டோவைச் சந்திக்க சிம்லா போன முஸ்லிம் தூதுக்குழுவில் சலிமுல்லா இல்லை. ஆனால் டிசம்பரில் முகமதியக் கல்வி மாநாட்டை டாக்காவுக்கு வரவழைத்து, 30ஆம் தேதி முஸ்லிம் லீக் அமைக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவர்தான். அமர்வுக்குத் தலைமை விகார்-உல்-முல்க். லீகின் முதல் தலைவரான ஆகா கான் அன்று அங்கே இல்லை. முதல்நிலைத் தேர்வில் இந்த மூன்று பெயர்களைக் குழப்பிக் கேட்கத் தோதான இடம் இது.

ஜமீன் கடனில் மூழ்கியிருந்தது. அரசு கடன் கொடுத்தது, 1907இல் எஸ்டேட் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் (ஜமீன்களை எடுத்து நடத்தும் அரசு அமைப்பு) நிர்வாகத்துக்குப் போனது. உடனே ‘ஆங்கிலேயர் கைக்கூலி’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். சரி, அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு 1911ஐப் பாருங்கள். டிசம்பர் 12, டெல்லி தர்பாரில் பிரிவினை ரத்து. கூடவே அவருக்கு ஒரு பட்டம். 1912 மார்ச்சில் கல்கத்தா லீக் மாநாட்டுக்குத் தலைமை ஏற்று மனக்குறையை வெளிப்படையாகவே பேசினார். அதற்கு முன்பே, ஜனவரி 31இல் டாக்கா வந்த வைஸ்ராய் ஹார்டிஞ்சைத் தூதுக்குழுவோடு சந்தித்திருந்தார். அதில் கிடைத்ததுதான் டாக்கா பல்கலைக்கழக வாக்குறுதி. 1921இல் அது திறந்தபோது அவர் இல்லை, 1915இலேயே காலமாகிவிட்டார்.

இதோடு நிறுத்தாமல் அவருடைய சகோதரி மகன் குவாஜா நாஜிமுதீனையும் சேர்த்துப் படியுங்கள். 1935 இந்திய அரசுச் சட்டம் ஓரளவு வசதியான குடியானவர்களுக்கும் ஓட்டுரிமை கொடுத்தது. 1937 தேர்தலில், நவாப் குடும்பத்துக்கு நிலம் இருந்த பட்டுவாகாலியில், ஜமீன்தாரி முறையை ஒழிப்பேன் என்று நின்ற ஃபஸ்லுல் ஹக்கிடம் நாஜிமுதீன் தோற்றார். அப்புறம் லீகைச் சேர்ந்த சுஹ்ரவர்தி விட்டுக்கொடுத்த கல்கத்தா இடத்தில் இடைத்தேர்தலில் ஜெயித்துத்தான் சட்டமன்றத்துக்குள் வர முடிந்தது.