ஒரே மாடல், இரண்டு திரைகள்

பழைய பிசினஸ் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "திங்க்பேட் வாங்கலாமா, லேட்டிடியூட் வாங்கலாமா, எலைட்புக் வாங்கலாமா?" மூன்றும் முறையே லெனோவோ, டெல், எச்பி கம்பெனிகளின் வரிசைகள். திரையைப் பொறுத்தவரை இதற்குப் பதில் கிடையாது. இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே இருப்பதைவிடப் பெரிய வித்தியாசம் ஒரே மாடலுக்குள்ளேயே இருக்கிறது.

2020இல் வந்த திங்க்பேட் டி14 முதல் தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படைத் திரை முழு எச்டி (எஃப்எச்டி, 1920க்கு 1080 புள்ளிகள்), வெளிச்சம் 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு), நிறம் என்டிஎஸ்சி என்ற பழைய அளவுகோலில் 45 சதவீதம். அதே மாடலில், மின்சாரம் குறைவாக இழுக்கும் 400 நிட்ஸ் திரையும் உண்டு. எஸ்ஆர்ஜிபி என்ற, இணையப் படங்களுக்கான பொது நிறத் தொகுப்பு ஏறக்குறைய முழுதாக அதில் தெரியும். அதற்கும் மேலே 500 நிட்ஸ் 4கே திரை. மூடி வைத்துவிட்டால் மூன்றும் ஒரே கறுப்புப் பெட்டிதான். விற்பவர் விளம்பரத்தில் "டி14, ஐ5, 16 ஜிபி, எஃப்எச்டி" என்று மட்டும் இருக்கும். முதல் இரண்டில் எது வரும் என்று அதைப் படித்துச் சொல்ல முடியாது.

நான் செய்வது தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலை. அவ்வப்போது அட்டை வடிவமைப்பும் உண்டு. அதனால் இந்த வித்தியாசம் எனக்கு ஆடம்பர விஷயம் இல்லை. ஒரு பதிப்பகத்தில் ஒரே மாடல் லேப்டாப் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அட்டைப்படத்தைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஒன்றில் குங்குமச் சிவப்பு. மற்றதில் அது வெளிறிப்போன செங்கல் நிறம். அந்தச் செங்கல் நிறத்தைப் பார்த்து யாராவது சிவப்பைக் கூட்டி அச்சுக்கு அனுப்பினால், புத்தகம் வரும்போது அட்டை கண்ணைக் குத்தும்.

அந்த 45 சதவீதம் என்பது 1953இல் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக வகுத்த நிறப்பரப்பை வைத்துப் போடும் கணக்கு. இன்று இணையத்திலும் படங்களிலும் அடிப்படையாக இருக்கும் எஸ்ஆர்ஜிபியில் அது சுமார் 60 சதவீதத்துக்குத்தான் வரும். 72 சதவீத என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால், எஸ்ஆர்ஜிபி கிட்டத்தட்ட முழுதாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 45, 72 என்ற இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது.

நல்ல திரை ஏன் இவ்வளவு அரிதாகக் கிடைக்கிறது? இந்த இயந்திரங்களை மொத்தமாக வாங்குவது அலுவலகங்கள். அங்கே பட்டியலில் பிராசசரும் ராமும் முதலில் வரும். மெயிலுக்கும் எக்செலுக்கும் அடிப்படைத் திரை போதும். சில வருடம் கழித்து அவைதான் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருக் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. நாள் முழுக்க அந்தத் திரையைப் பார்த்து வேலை செய்தவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

எழுத்தின் கூர்மைக்கு வருகிறேன். 2018இல் வந்த திங்க்பேட் டி480 கூட 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட டிஎன் திரையோடு (பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறும் மலிவான வகை) கிடைத்தது. 14 அங்குலத்தில் அது அங்குலத்துக்கு 112 புள்ளிகள். முழு எச்டி என்றால் 157. ஆங்கிலம் மட்டும் படிப்பவர்கள் 112ஐச் சகித்துக்கொள்ளலாம். தமிழில் லி, லீ இரண்டுக்கும் வித்தியாசம் கொக்கியின் நுனியில் ஒரு சின்னச் சுழி. பத்துப் பாயிண்ட் அளவு எழுத்தில், நூறு சதவீதப் பார்வையில், அந்தச் சுழி கரைந்துபோகும். மெய்ப்புப் பார்க்கிறவர்கள் 768 திரையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

எலைட்புக் 840 ஜி6இல் 1000 நிட்ஸ் திரை உண்டு என்று சிலர் ஆசைப்படுவார்கள். அது ஷ்யூர் வியூ என்ற, பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்காமல் தடுக்கும் திரை. அந்த வசதியை அணைத்து வைத்தாலும் சாதாரண ஐபிஎஸ் திரையைப் (எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) போலப் பக்கவாட்டில் தெளிவாகத் தெரியாது. ரயிலில் ரகசியக் கோப்பு திறப்பவர்களுக்கு நல்லது. அட்டையை இரண்டு பேர் சேர்ந்து பார்ப்பதற்கு ஆகாது. அதே ஜி6இல் இருக்கும் 400 நிட்ஸ் திரையைத் தேடுங்கள்.

பட்ஜெட் கொஞ்சம் கூட இருந்தால் 16:10 திரைகள், அதாவது வழக்கமான 16:9ஐவிட உயரம் கூடியவை. டி வரிசையில் டி14 மூன்றாம் தலைமுறையோடு 2022இல் வந்தது. 1080க்குப் பதில் 1200 வரிகள். ஒரு பக்கத்தைப் படிக்கும்போது அது தெரியும். ஆனால் அதிலும் அடிப்படைத் திரை 45 சதவீதம்தான், புதிது என்று ஏமாற வேண்டாம். பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் நிறம் அபாரம். வெளிச்சத்தைக் குறைத்தால் பல ஓஎல்இடி திரைகள் வேகமாக அணைந்து எரியும்; சிலருக்குத் தலைவலி வரும். எனக்கு வரும், அதனால் ஒதுக்கிவிட்டேன்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? விற்பவரிடம் சீரியல் நம்பரை வாங்குங்கள். லெனோவோ, டெல் இரண்டின் தளத்திலும் அந்த எண்ணைப் போட்டால் தொழிற்சாலையில் என்னென்ன பொருத்தினார்கள் என்ற பட்டியல் வரும். இடையில் திரையை மாற்றியிருக்கலாம் என்பதால் கையில் எடுத்ததும் டிவைஸ் மேனேஜரில் மானிட்டரின் ஹார்டுவேர் ஐடியையும் பாருங்கள். ஏயூஓ, பிஓஇ, எல்ஜிடி, சிஎம்என் என்று பேனல் (திரைப் பலகை) செய்தவரின் மூன்றெழுத்து அதில் இருக்கும். அப்புறம் கண்ணால் ஒரு சோதனை: முழு வெளிச்சத்தில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, கடை வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஓரங்களில் மஞ்சள், நடுவில் கீபோர்டு அழுத்திய தடம் எல்லாம் அங்கேதான் தெரியும். பழைய திரைகளில் பின்விளக்கு மங்கியிருக்கும், 250 என்று எழுதியிருந்தது இப்போது 250ஆக இருக்காது.

நான் இப்போது வைத்திருப்பது 400 நிட்ஸ் டி14. அது கிடைக்காமல் அடிப்படைத் திரையோடு வாங்கிவிட்டு, பேனலை மட்டும் மாற்றலாம் என்று நினைப்பவர்கள், பேனல் ஆர்டர் செய்யும் முன் பழையதைக் கழற்றிப் பின்னால் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். கேபிள் 30 பின்னா 40 பின்னா என்றும் பாருங்கள். டச் திரைக்கும் கூடுதல் ரெசல்யூஷன் திரைக்கும் பெரும்பாலும் 40 பின் கேபிள் வேண்டும். அப்போது கேபிளையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.