மூன்று வேலைகளும் ஒரு வெயிலும்

சென்ற ஆண்டு ஜனவரியில் ஒரு சனிக்கிழமையன்று எட்டுக் கிலோ மிளகாய் வற்றலைக் குப்பையில் கொட்டினேன். மிளகாயில் ஒரு குறையும் இல்லை. நடுக்கூடத்துச் சுவரிலிருந்து நான் உளி வைத்துப் பெயர்த்துக்கொண்டிருந்த சிமெண்டுப் பூச்சின் தூசி காற்றோடு கிளம்பி, வீட்டின் நடுவிலுள்ள திறந்த முற்றத்தில் பாய் விரித்துப் பரப்பியிருந்த மிளகாயின் மேல் சாம்பல் பூசியதுபோல் படிந்துவிட்டது. கழுவினால் மறுபடியும் முதலிலிருந்து காயவைக்க வேண்டும். கழுவாமல் அரைத்துப் பிறருக்கு விற்க மனம் ஒப்பவில்லை. அம்மா எதுவும் பேசவில்லை. துடைப்பத்தை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

நான் மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு வேலை செய்பவன். நான்கு நாள் வேலைக்குப் பிறகு கிடைக்கும் ஓய்வு நாட்களில் மூன்று காரியங்களைச் சுமக்கிறேன். ஜார்ஜ் டவுனில் டத்தோ கிராமாட் சாலைக்கு அருகில் தாத்தா வாங்கிய, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பழைய வரிசை வீட்டைப் பழுதுபார்ப்பது முதலாவது. அம்மாவின் கைப்பக்குவத்தில் கறித்தூள் அரைத்து விற்பது இரண்டாவது. அப்பா விட்டுச்சென்ற, வால்வு எனப்படும் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் பழைய வானொலிகளைப் பாட வைப்பது மூன்றாவது. இத்தனைக்கும் நேரம் எப்படிக் கிடைக்கிறது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நேரம் ஒருவாறு கிடைத்துவிடுகிறது. நள்ளிரவுக்கு மேலும் விழித்திருக்கப் பழகிய உடம்பு இது. கிடைக்காதது வெயில். மூன்று வேலைகளும் என்னிடம் சண்டை பிடிப்பது கடிகாரத்துக்காக அன்று, காய்ந்த காற்றுக்காக. இதை நான் புரிந்துகொள்வதற்கு அந்த எட்டுக் கிலோ மிளகாய் போக வேண்டியிருந்தது.

முதலில் சுவரைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற இரண்டையும் அதுதான் ஆட்டிப்படைத்தது. பழைய வீடுகளின் செங்கற் சுவர்களில், இக்காலக் கட்டடங்களில் போடுவதுபோல் அடித்தளத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் படலம் கிடையாது. மண்ணிலிருக்கும் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மேலே ஏறும். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் இதைத் தடுக்க முயலவில்லை. ஏறிய ஈரம் வெளியேற வழி வைத்தார்கள். சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு ஈரத்தை வாங்கிக் காற்றில் விட்டுவிடும். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன் நாங்கள் அமர்த்திய ஒரு குத்தகைக்காரர், உதிர்ந்துகொண்டிருந்த சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தியெடுத்துவிட்டுச் சிமெண்டைப் பூசி, அதன் மேல் பளபளப்பான சாயமும் அடித்துக் கொடுத்தார். ஓராண்டு வரை வீடு புதுப்பெண் போல் இருந்தது. வெளியேற வழியில்லாத ஈரம் அதற்குப் பிறகு சிமெண்டின் பின்னாலேயே ஏறி, முன்பு முழங்கால் உயரத்தில் இருந்த கறை இடுப்புக்கு மேல் வந்து நின்றது. சாயம் கொப்புளித்தது. மண்ணிலிருந்து நீரோடு வந்த உப்பு வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து, செங்கல்லையே மாவாக அரிக்கத் தொடங்கியது. இரண்டு வீடுகளுக்கும் பொதுவான சுவர் அது. பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி தம் சாமி மேடையைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

செய்ய வேண்டியதைச் சொல்வது எளிது. சிமெண்டை முழுவதும் பெயர்த்தெடுக்க வேண்டும். செங்கல்லைத் திறந்தபடி விட்டுக் காயவிட வேண்டும். பிறகு சுண்ணாம்பு பூச வேண்டும். நடுவிலிருக்கும் அந்தக் ‘காயவிடுவது’ என்ற ஒரு சொல்லில்தான் என் ஓராண்டு அடங்கிவிட்டது. நனைந்த சுவர் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் வீதம் உலரும் என்று பழைய கட்டடங்களைச் சீரமைப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். எங்கள் சுவர் ஒன்பது அங்குலம். அதனால்தான் பினாங்கில் மழை குறைந்த மாதமான ஜனவரியிலேயே உடைக்கத் தொடங்கினேன். அக்டோபரில் பூசலாம் என்பது திட்டம். திட்டத்தில் பிழையில்லை. அதே ஜனவரியும் பிப்ரவரியும்தான் மிளகாய் காய்வதற்கும் ஆண்டிலேயே மிகச் சிறந்த மாதங்கள் என்பதை நான் மறந்திருந்தேன்.

கறித்தூள் வியாபாரத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அரைப்பதுதான் வேலை என்று நினைக்கிறார்கள். அரைப்பது மில்லில் அரை மணி நேரம். காயவைப்பதுதான் வேலை. மல்லி, மிளகாய், சோம்பு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் ஆகிய அனைத்தும் கடையிலிருந்து வரும்போது காய்ந்தவைபோல் தோன்றினாலும், நம் ஊர்க் காற்றில் மூட்டைக்குள் இருந்தபடியே ஈரத்தை இழுத்துக்கொண்டுதான் வருகின்றன. மிளகாயைக் கையில் எடுத்து வளைத்தால் தோல்போல் வளையக் கூடாது. சருகுபோல் நொறுங்க வேண்டும். உள்ளே விதை குலுங்கும் ஓசை கேட்க வேண்டும் என்பது அம்மாவின் சோதனை. பத்துக் கிலோவை இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டு எடுத்தால் அரைக் கிலோ வரை எடை குறைகிறது. அந்த அரைக் கிலோ தண்ணீரையும் சேர்த்து விற்பவர்களும் இருக்கலாம். ஆனால் ஈரத்தோடு அரைத்த தூள் கட்டி பிடிக்கும், பூசணம் பூக்கும். மிளகாயில் வளரும் ஒருவகைப் பூசணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கக்கூடியது. சமைக்கும் சூட்டில் அது எளிதில் அழிவதும் இல்லை. ஆகவே இந்த ஒன்றில் நான் அம்மாவை விடக் கண்டிப்பானவன்.

எங்கள் முற்றத்தில் நேர்வெயில் விழுவது பதினோரு மணியிலிருந்து இரண்டு மணி வரை மட்டுமே. அதற்குப் பிறகு பாயை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால், ஐந்தடி எனப்படும் முன்நடைபாதையில் சாய்வெயில் இன்னும் ஒரு மணி நேரம் கிடைக்கும். நடப்பவர்களுக்கு வழிவிட்டு, மோட்டார் சைக்கிள் நிறுத்த வருபவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே காயவைக்க வேண்டும். மில்லிலிருந்து வரும் தூள் கைபொறுக்காத சூட்டில் இருக்கும். அதை உடனே பொட்டலம் கட்டினால் உள்ளே வியர்த்துவிடும் என்பதால், தாளில் பரப்பி முழுவதும் ஆறவிட வேண்டும். அப்படி ஆறும் இரண்டு மணி நேரம் வீட்டில் மின்விசிறி ஓடக் கூடாது, பிள்ளைகள் ஓடக் கூடாது, தும்மலும் கூடாது.

உரிமம் தொடர்பான காரியங்கள் பலரும் பயமுறுத்தியதைப் போல் இல்லை. வணிகப் பெயரில் எஸ்.எஸ்.எம். என்ற மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தின் பதிவுக்கு ஆண்டுக்கு அறுபது வெள்ளி (ரிங்கிட்) கட்டுகிறேன். அம்மாவும் நானும் என் மனைவியும் உணவு கையாள்வோருக்கான பயிற்சிக்குப் போய்வந்து, டைபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொண்டோம். பொட்டலத்தின் மேல் உட்பொருள்கள், நிகர எடை, காலாவதி நாள், முகவரி ஆகியவற்றை அச்சிடுகிறோம். அவ்வளவுதான். அம்மாவுக்குத்தான் ஊசியை விட, ஐம்பது ஆண்டுகளாகச் சமைக்கும் தமக்குக் கை கழுவக் கற்றுக்கொடுத்தது அதிகம் வலித்தது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கறித்தூளுக்குக் கிராக்கி உச்சத்துக்குப் போவது தீபாவளிக்கு முன். சென்ற ஆண்டு தீபாவளி அக்டோபர் 20 ஆம் தேதி வந்தது. பினாங்கில் மழை கொட்டித் தீர்க்கும் காலமும் அதுவே. வெயில் இருக்கும்போது வாங்க ஆள் இல்லை, வாங்க ஆள் வரும்போது வெயில் இல்லை. பிப்ரவரியிலேயே அரைத்து வைத்தால் அக்டோபருக்குள் மணம் போய்விடும். அதனால் இப்போது வெயில் மாதங்களில் முழுமிளகாயாகவும் முழுமல்லியாகவும் காயவைத்து, காற்றுப் புகாத தகர டின்களில் அடைத்து, தேவைப்படும்போது டின்னைத் திறந்து, வாணலியில் லேசாகச் சூடு காட்டி அரைக்கிறோம். வறுத்த தூளின் நிறம் சற்றுக் கருக்கும். பழைய வாடிக்கையாளர் ஒருவர், “இது தீபாவளித் தூள், அது தைப்பூசத் தூள்” என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார். மீன்கறிக்குத் தீபாவளித் தூள்தான் தமக்குப் பிடிக்கும் என்றும் சொல்கிறார். நான் அதை மறுத்துப் பேசுவதில்லை.

இனி வானொலிகள். அப்பா வைத்திருந்தவை ஐந்து. மரப்பெட்டி, துணி போர்த்திய ஒலிபெருக்கி, ஊர்ப் பெயர்கள் எழுதிய கண்ணாடி முகப்பு என்று பார்ப்பதற்குக் கோயில் சப்பரம் போன்றவை. இவற்றையும் கெடுப்பது ஈரம்தான். மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும், மெழுகு தோய்த்த தாளில் செய்த பழைய கப்பாசிட்டர்கள் ஆண்டுகள் போகப்போக ஈரத்தை இழுத்து மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கும். ஒலியை இறுதி வால்வுக்குக் கடத்தும் கப்பாசிட்டர் ஒன்று உண்டு. அது கசிந்தால், வால்வுக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட் என்ற கம்பிவலையில் வரக் கூடாத நேர்மின்னழுத்தம் வந்து, வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் குடித்து, முதலில் குரல் கரகரத்து, பிறகு வால்வும் மின்மாற்றியும் சேர்ந்தே எரிந்துபோகும். ஒரு சிறு தாள் உருளையின் கசிவால் முழுப் பெட்டியும் சாகிறது. ஆகையால் பல ஆண்டுகள் உறங்கிய வானொலியை நேரடியாக மின்சாரத்தில் செருகக் கூடாது. நான் பழைய இழைபல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்துத்தான் முதன்முதலில் உயிர் கொடுக்கிறேன். உள்ளே பழுது இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து எச்சரிக்கும், பெட்டி பிழைத்துக்கொள்ளும். அணைத்த பிறகும் உள்ளே இருநூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம் என்பதைப் பொழுதுபோக்காக இதில் இறங்க நினைப்பவர்கள் மறக்கக் கூடாது.

மழை நாட்களில் வானொலி பார்த்துக்கொள்ளலாமே என்று மனைவி ஒருமுறை சொன்னாள். நியாயமான யோசனைதான், ஆனால் இங்கே மழை தனியாக வருவதில்லை, இடியோடு வருகிறது. அப்போது ஏரியல் கம்பியைக் கழற்றி வைக்க வேண்டும். ஏரியல் இல்லாமல் மத்திய அலையில் எதைச் சோதிப்பது? மேலும் இந்தப் பெட்டிகளில் எஃப்.எம். கிடையாது. அம்மா அன்றாடம் கேட்கும் மின்னல் எஃப்.எம். இவற்றில் வராது. இடி மின்னல் இல்லாத இரவுகளில் மட்டும், பகலில் எட்டாத தொலைதூர அலைகள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, பெயர் தெரியாத மொழிகளில் யாரோ பேசுவது கேட்கும். அதற்காகத்தான் இத்தனை பாடு என்றால் சிரிப்பார்கள். அதற்காகத்தான்.

அந்த எட்டுக் கிலோவுக்குப் பிறகு வீட்டில் சில ஏற்பாடுகள் வந்தன. வானொலி உறுப்புகளைப் பற்றவைக்க ஈயம் உருக்கும் மேசையில் உணவுப் பொருள் எதுவும் வைக்கக் கூடாது என்பது மனைவியின் சட்டம். அதில் வாதத்துக்கு இடமில்லை, ஏனெனில் ஈயம் விளையாட்டன்று. ஆகவே வானொலி மேசை மாடிப்படியின் அடிக்குப் போய்விட்டது. உடைப்பு வேலை இருக்கும் நாளில் மல்லி மூட்டையைத் திறப்பதில்லை. வானொலி உதிரிகளுக்காக நான் வாங்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வைத்திருந்த காற்றுப் புகாத பெட்டிகள் இரண்டும் எப்போது மிளகாய் டின்களுக்கு உரியவையாக மாறின என்பது எனக்கே தெரியவில்லை. நீலம் வெளுத்து இளஞ்சிவப்பாகும் சிலிக்கா ஜெல்லை அடுப்பில் சூடேற்றி மீண்டும் நீலமாக்கும் பொறுப்பு மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அக்டோபர் எனக்கு ஒரு புதுப் பாடம் வைத்திருந்தது. சுண்ணாம்பு உலர்வதால் மட்டும் இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கி மீண்டும் கல்லாகிறது. அதற்குச் சற்று ஈரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். சுள்ளென்ற வெயில் பட்டால் பூச்சு வெடித்துப்போகும். மிளகாய்க்குப் பகையான அந்த மழைமாதம் சுண்ணாம்புக்கு உகந்தது என்பதை, தீபாவளிக்கு வாணலியில் மல்லி வறுத்த கையோடு சுவருக்குத் தண்ணீர் தெளிக்கப் போனபோது உணர்ந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஈப்போப் பக்கத்துச் சுண்ணாம்பை நீற்றிப் பல மாதம் ஊறவைத்த குழம்பு ஒன்றுக்கு, கழுவிய மணல் மூன்று என்று கலந்தேன். செட்டிநாட்டுப் பூச்சுக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்ப்பார்கள் என்று அம்மா நினைவூட்டினார். கருப்பட்டிக்கு எறும்பு வரும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஒவ்வொரு பூச்சும் அரை அங்குலத்துக்குக் குறைவு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு வாரம். காலையும் மாலையும் தெளிப்பு. கண்ணாடி அணியாமல் இதைத் தொடவே கூடாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

இப்போது தைப்பூசம் முடிந்துவிட்டது. சுவரில் முக்கால் பங்கு சுண்ணாம்பு இறுகி, விரல் நகத்துக்குப் பிடி கொடுக்காமல் நிற்கிறது. பின்கட்டை ஒட்டிய கால் பங்கில் செங்கல் இன்னும் திறந்தே இருக்கிறது. அங்கே ஒரு சாண் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி வைத்திருக்கிறேன். சுவர் காயவில்லை என்றால் தாளின் உட்புறம் வியர்க்கும். இன்று காலை இரவு ஷிப்டு முடிந்து வந்து பார்த்தபோது மேல்பாதி தெளிவாகவும் கீழ்பாதியில் கடுகளவு துளிகளுமாய் இருந்தது. பக்கத்து வீட்டு ஆண்ட்டி சாமி மேடையை இன்னும் சுவரோடு சேர்க்கவில்லை. முற்றத்தில் அம்மா பாய் விரித்துவிட்டார். மணி பத்தே முக்கால். புது மூட்டையில் இருபது கிலோ இருக்கிறது, காம்பு கிள்ள வேண்டும், உளியை அம்மா எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்.