ஆபிரகாமின் வயதிலிருந்து தொடங்குங்கள்

சபையில் பிள்ளைகளைத் திடப்படுத்தலுக்கு, அதாவது தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடுவதற்கு, ஆயத்தப்படுத்தும் வகுப்பில் விசுவாசத்தினால் நீதிமானாகும் பாடத்தை (நம் கிரியைகளால், அதாவது செயல்களால் அல்ல, விசுவாசத்தினால் தேவன் நம்மை நீதிமானாக ஏற்கிறார் என்பதை) பெரும்பாலும் ஒரு நீதிமன்றக் கதையோடு தொடங்குவார்கள். அபராதம் விதித்த நீதிபதியே இறங்கி வந்து குற்றவாளிக்காக அதைக் கட்டிவிடுகிறார். பிள்ளைகளுக்குக் கதை பிடிக்கும், பாடமும் சீக்கிரம் முடியும். ஆனால் அந்தக் குற்றவாளி வெறுங்கையோடுதான் வெளியே போகிறான். பழைய பாவம் தீர்ந்தது, இனி நீதியை நாமே சம்பாதிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் முடிவுகட்டுவது இதனால்தான். ரோமர் 5:17 மன்னிப்போடு நிற்காமல் "நீதியாகிய ஈவு" என்கிறது. கதையில் அந்தப் பாதி கிடையாது.

அதைவிட, அப்போஸ்தலன் பவுல் ஆபிரகாமைப் பற்றி எழுதும் ரோமர் 4-ம் அதிகாரத்திலிருந்து தொடங்குவது நல்லது. கரும்பலகையில் ஒரு கோடு போட்டு ஆபிரகாமின் வயதை எழுதுங்கள். ஆரானைவிட்டுப் புறப்பட்டபோது 75. இஸ்மவேல் பிறந்தபோது 86. விருத்தசேதனம் (உடன்படிக்கையின் அடையாளமாக நுனித்தோலை நீக்கும் சடங்கு) 99. ஈசாக்கு பிறந்தபோது 100. பிறகு, ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று சொல்லும் ஆதியாகமம் 15:6 இந்தக் கோட்டில் எங்கே வரும் என்று கேளுங்கள். தேடிப் பார்த்தால் 86-க்கு முன்னால் வரும். ஆக, அவன் நீதிமானாக எண்ணப்பட்டுக் குறைந்தது 13 வருஷம் கழித்தே விருத்தசேதனம் பெற்றான். ரோமர் 4:10-ல் பவுல் வைக்கிற வாதமே இதுதான். மோசேயின் நியாயப்பிரமாணமோ ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கைக்கு 430 வருஷம் பிந்தியது என்பதைக் கலாத்தியர் 3:17-ல் காட்டலாம்.

ஆபிரகாம் கிரியைகளினாலே நீதிமானாக்கப்பட்டான் என்று சொல்லும் யாக்கோபு 2-ம் அதிகாரத்தைக் காட்டிக் கேள்வி கேட்க யாராவது இருப்பார்கள். அதற்கும் இதே கோடு போதும். யாக்கோபு சொல்லும், ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைத்த சம்பவம் ஆதியாகமம் 22-ல், ஈசாக்கு பிறந்த பின்பு, அதாவது ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டு வெகுகாலம் கழித்து நடக்கிறது.

பாடத்தில் அதிகம் சறுக்குகிற இடம் வேறு. கிரியையை வெளியே அனுப்பிவிட்டு, விசுவாசத்தையே புதுக் கிரியையாக உள்ளே கொண்டுவந்துவிடுகிறோம். "எனக்கு விசுவாசம் போதாது ஐயா" என்று சொல்லி உபவாசமும், நேர்ந்துகொள்ளும் பொருத்தனையும் கூட்டுகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். (பொருத்தனை நன்றியாக இருக்கும்வரை குறையில்லை, கட்டணமாக மாறும்போதுதான் சிக்கல்.) இவர்களோடு ரோமர் 4:4, 5 வசனங்களை மெதுவாக வாசிக்க வேண்டும். மாதச் சம்பளம் வாங்கியதற்காக யாரும் சபையில் எழுந்து சாட்சி சொல்வதில்லை. நான்காம் வசனம் சொல்கிறபடி அது கடன், வரவேண்டியது வந்தது. ஐந்தாம் வசனத்தில் நீதி பெறுகிறவனோ "பாவி". அவனுடைய விசுவாசம் எத்தனை பலமானது என்று பவுல் அங்கே அளக்கவில்லை. அது யார்மேல் வைக்கப்பட்டது என்று மட்டும் சொல்கிறார்.

கத்தோலிக்க உறவினர் உள்ள குடும்பங்களில், "அவர்கள் கிரியையால் என்கிறார்களே?" என்ற பேச்சு எழும். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்மிடமுள்ள எந்தத் தகுதியாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பதை இரு தரப்பும் அதில் சேர்ந்தே அறிக்கையிட்டன. வேறுபாடுகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் பழைய குற்றச்சாட்டை அப்படியே திருப்பிச் சொல்வது நியாயமில்லை.

மருத்துவமனைச் சந்திப்பில் இந்த விளக்கங்கள் எதுவும் வேண்டாம். "யாருக்கும் கெடுதல் செய்ததில்லை, ஆனாலும் பயமாயிருக்கிறது" என்பவரிடம் அவர் செய்த நன்மைகளை எண்ணிக் காட்டாதீர்கள். அது பயத்தைக் கூட்டும், விட்டுப்போனவையே ஞாபகத்துக்கு வரும். லூக்கா 18:13-ல் ஆயக்காரனின் (வரி வசூலிப்பவனின்) ஜெபத்தை, "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்பதை, வாசியுங்கள். பலர் அங்கேயே நிறுத்திக் கண்ணை மூடிவிடுகிறார்கள். 14-ம் வசனத்தையும் வாசித்த பிறகே ஜெபிக்க வேண்டும். அவன் நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனான் என்பது அதில்தான் இருக்கிறது.