வாடாத் தாமரை

தாமரை என்றாலே முகம், கண், பாதம் என்றுதான் நம் கவிதைகளில் அதிகம் பார்த்திருப்போம். எனக்கு நெருக்கமான தாமரை குளத்தில் பூப்பதல்ல. சங்க காலத்தில் பாணர் தலையில் பரிசாகச் சூட்டிய பொற்பூ.

பொருநராற்றுப்படையில் கரிகாலன் தருவது 'எரி அகைந்தன்ன ஏடு இல் தாமரை'. தீ கிளைவிட்டது போல, இதழ் இல்லாத தாமரை! பெரும்பாணாற்றுப்படையில் 'ஆடு வண்டு இமிரா அழல் அவிர் தாமரை'. வண்டு வந்து மொய்க்காதாம். எவ்வளவு அழகு!

ஆனாலும் என் மனசு போய் நிற்பது புறநானூறு 319-இல்தான். ஆலங்குடி வங்கனார் பாட்டு. வறண்ட சிற்றூர். செம்மண் பள்ளத்தில் தோண்டி எடுத்த கலங்கல் நீர் கொஞ்சம், முற்றத்துப் பழைய சாடியில் இருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் பாணன் வருகிறான். 'சுட்ட முயல்கறியாவது தருகிறோம், வந்து உட்காருங்கள்' என்கிறது அந்த வீடு. ஊர்ப் பிள்ளைகள், பரட்டைத் தலையோடு, ஆமான் என்னும் காட்டு மாட்டின் நடுங்கும் குட்டியைக் கன்று என்று பூட்டி விளையாடுகிறார்கள். தலைவன் நேற்றுத்தான் வேந்தன் ஏவிய வேலைக்குப் போயிருக்கிறான். அவன் வந்ததும் பாணனோடு பாடும் பெண்ணான பாடினிக்கு மாலை, பாணனுக்கு 'வாடாத் தாமரை' என்று வாக்குக் கொடுக்கிறார்கள்.

தெளிந்த தண்ணீர்கூட இல்லாத வீடு அது. கரிகாலன் கொடுத்த பூவைவிட இந்த வாக்கு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. புறநானூறு வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரி அந்தப் பாட்டை எடுத்து வாய்விட்டுப் படியுங்கள்.