1914 மெட்ராஸ் நாவல்: மோட்டிவ் முடிச்சு அவிழ்ந்தது, சாட்சிக் கூண்டு பாக்கி

ஒருவழியாகக் கதைக்கு அச்சாணி கிடைத்துவிட்டது. கிடைத்த இடம் 1856-ஆம் வருட இந்து விதவை மறுமணச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு. காதல், மோசடி, கொலை மூன்றையும் ஒரே பிரிவு தூக்கி நிறுத்துகிறது. கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மெட்ராஸ் மேல் குண்டு போட்ட இரவை வைத்துக் குற்றக்கதை எழுத உட்காருகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை வாக்கில் குண்டு விழுகிறது. அந்தக் களேபரத்தில் ஒருவரைக் கொன்று பிணத்தைக் குண்டுவீச்சுக் கணக்கில் எழுதிவிடலாம். ஓடாது. ஏறத்தாழ 130 குண்டுகள் சுட்டும் செத்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். எண்ணிக்கை அவ்வளவு குறைவென்றால் ஒவ்வொரு பிணத்துக்கும் ஆளும் இடமும் பதிவாகியிருக்கும். கூடுதலாக ஒன்று வந்தால் ஆஸ்பத்திரி மேஜையிலேயே உதைக்கும். கத்திக் காயத்தையும் குண்டுச் சில்லையும் குழப்பிக்கொள்கிற டாக்டரை நம்பி நாவல் எழுத முடியாது. பயன்படுவது அடுத்த சில நாட்கள்தான். ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்த நாட்கள் அவை. ஒரு ஆள் காணவில்லையென்றால் "பயந்து ஊருக்குப் போயிருப்பார்" என்று தெருவே பதில் சொல்லிவிடும். இரவு குழப்பத்தைத் தரும், மறைவிடத்தை மறுநாள்தான் தரும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இனி மோட்டிவ், அதாவது குற்றத்துக்கான காரணம். பணக்கார இளம் விதவை, நல்லவன் வேஷத்தில் வரும் ஒருவன், கல்யாண ஆசை காட்டிச் சொத்தை அமுக்குவது என்பது வழக்கமான சட்டகம். 1914-இல் இது சுத்தமாகக் கவிழும். காரணம் மேற்படி 2-ஆம் பிரிவு: விதவை மறுமணம் செய்துகொண்டால், இறந்த கணவன் வழியில் அவளுக்கு வந்த சொத்துரிமை அன்றோடு முடிந்தது, அவள் அன்றே இறந்துவிட்டதாகக் கணக்கு. சொத்து கணவனின் அடுத்த வாரிசுக்குப் போய்விடும். ஆகக் கல்யாணம் செய்துகொண்ட வேஷக்காரனுக்குக் கிடைப்பது பெண் மட்டும்தான். சரி, காதலிக்கும்போதே எழுதி வாங்கிவிடலாமே என்றால் அதுவும் சிக்கல். கணவன் வழிச் சொத்தில் விதவைக்கு வரம்புள்ள உரிமைதான். கடன், குடும்பச் சடங்கு போன்ற சட்ட அவசியம் இல்லாமல் விற்றால் அவள் காலத்துக்குப் பிறகு ரிவர்ஷனர்கள் (கணவன் வழியில் அடுத்த வாரிசுகள்) வந்து கிரயத்தை உடைப்பார்கள். முழு உரிமை ஸ்திரீதனத்தில் (நகை, சீர் என்று அவளுக்கே வந்த சொத்தில்) மட்டும்தான். நகைக்காக 400 பக்கம் ஓட்டுவதற்கு எனக்குத் தெம்பில்லை.

சட்டத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோதுதான் வழி திறந்தது. அவள் மறுமணம் செய்தால் யாருக்கு லாபம்? அடுத்த வாரிசான தாயாதிக்கு. நாயகியின் கணவனுக்கு அண்ணன் மகன், அவளைச் "சித்தி, சித்தி" என்று கூப்பிட்டுக்கொண்டு வாசலில் நிற்பவன். அவளைக் கொன்றாலும் சொத்து வரும், தூக்குக் கயிறும் வரும். ஒருவனைக் காசு கொடுத்து அனுப்பி அவளைக் காதலிக்க வைத்துத் தாலி கட்ட வைத்துவிட்டால் போதும், சட்டமே அவளைக் கொன்று சொத்தை எடுத்துக் கொடுத்துவிடும். வேஷக்காரன் கூலிக்கு வந்தவன். அவனுக்கு நிஜமாகவே காதல் வந்துவிடுகிறது. அங்கேதான் நாவல் தொடங்குகிறது.

இங்கே மூன்று ஓட்டைகளை அடைக்க வேண்டும். அடைக்காமல் விட்டால் சட்டம் தெரிந்த வாசகர் முதல் அத்தியாயத்திலேயே மூடி வைத்துவிடுவார்.

முதலாவது, கணவன் பாகம் பிரிந்தவனாக இருக்க வேண்டும். கூட்டுக்குடும்பத்தில் செத்திருந்தால் சொத்து பங்காளிகளுக்கே போய், அவளுக்கு ஜீவனாம்சம்தான் மிஞ்சும் (விதவைக்குப் பங்கு கொடுத்த 1937 சட்டம் வரும்வரை இதுதான் நிலை). ஆகவே பதிவான ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் கதைக்கு முன்பே இருந்தாக வேண்டும். நான் அதை 1907-இல் போட்டிருக்கிறேன். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் பாங்கி விழுந்ததும் குடும்பத்தில் யார் பணம் போனது என்ற சண்டையில் பாகம் பிரிகிறது. ரொக்கம் போய் வீடும் நிலமும் மட்டும் மிஞ்சியதற்கும் அதே காரணம் உதவுகிறது.

இரண்டாவது, "அவள் நடத்தை சரியில்லை என்று சொல்லிப் பிடுங்கிவிடலாமே" என்ற கேள்வி. முடியாது. ஒரு தரம் சொத்து விதவை கைக்கு வந்துவிட்டால், பிற்பாடு நடத்தை தவறினாள் என்பதற்காக அது பறிபோகாது என்று 1880-இலேயே லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் (அன்றைய கடைசி அப்பீல் கோர்ட்) தீர்த்துவிட்டது. ஆகத் தாயாதிக்கு வம்புப் பேச்சு பிரயோஜனமில்லை. கல்யாணம்தான் வேண்டும், அதுவும் கோர்ட்டில் நிரூபணமாகிற கல்யாணம். வேடிக்கையைப் பாருங்கள்: கள்ள உறவுக்குத் தண்டனை இல்லை, முறையான தாலிக்கு உண்டு.

மூன்றாவது, மறுமணம் வழக்கத்திலேயே இருக்கும் சாதிகளுக்கு இந்தப் பறிமுதல் பொருந்துமா என்பது. அலகாபாத் ஹைகோர்ட் பொருந்தாது என்றது, மெட்ராஸ் பொருந்தும் என்றது. கதை மெட்ராஸில் நடப்பதால் தப்பித்தோம். வட இந்தியப் பின்னணியில் எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கள்ள உயில் போட்டு முடிக்கும் ஒரு மாற்றுப் பாதையும் யோசனையில் இருந்தது. 1870 இந்து உயில் சட்டப்படி மெட்ராஸ் நகருக்குள் எழுதின உயிலுக்கு இரண்டு சாட்சிக் கையெழுத்து கட்டாயம், மொபஸலில் (நகருக்கு வெளியூர்களில்) அப்படி இல்லை. செங்கல்பட்டில் எழுதியதாகக் காட்டினால் சுலபம். ஆனால் அங்கே சொத்து நகருக்குள் இருக்கிறதே என்ற வாதம் குறுக்கே வந்து நாலு அத்தியாயம் தின்னும். விட்டுவிட்டேன்.

அடுத்தது கல்யாணத் தேதி. நாயகி கடைசிவரை தாலிக்குச் சம்மதிக்கவில்லை. தாயாதிக்குப் பொறுமை போய், நடக்காத கல்யாணத்தை நடந்ததாகக் காட்டப் பார்க்கிறான். 1914-இல் பதிவுப் புத்தகம் கிடையாது. புரோகிதரும் நாலு சாட்சியும் சொன்னால் அதுதான் கல்யாணம். பல்லாவரத்தில் இறங்கித் திருநீர்மலைக்கு வண்டி கட்டிப் போனதாகக் கதை கட்டுகிறார்கள். சொல்கிற தேதி பஞ்சாங்கத்தில் தேற வேண்டும். ஆனந்த வருடம், புரட்டாசி பிறந்துவிட்டால் முகூர்த்தம் வைக்க மாட்டார்கள். ஆவணி வளர்பிறை என்றால் ஆகஸ்ட் 21 அமாவாசைக்கும் செப்டம்பர் 4 பௌர்ணமிக்கும் நடுவில்தான் இடம், அந்தப் பௌர்ணமியிலும் சந்திர கிரகணம். செவ்வாய், சனியைக் கழித்தால் மிச்சமிருப்பது கைவிரலுக்குள் அடங்கும். பொய் சொல்கிறவனும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் பொய் சொல்ல வேண்டும் என்பது எழுதும்போது நல்ல தமாஷாக இருந்தது.

புரோகிதர் பொய்ச்சாட்சி சொல்ல மறுக்கிறார். எம்டன் இரவில் துறைமுகப் பக்கம் அவரைத் தீர்ப்பவன் தாயாதியின் கணக்குப்பிள்ளை. மறுநாள் புரோகிதர் வீடு பூட்டிக்கிடக்கிறது, தெருவே பூட்டிக்கிடக்கிறது, யாரும் கேட்கவில்லை. பிணம் பக்கிங்காம் கால்வாயில் வெளிவருவது பிற்பாடு.

இப்போது இந்தப் பாகத்தின் உயிரான இடம்: கணக்குப்பிள்ளையைக் கூண்டில் மாட்டுவது. அன்று இரவு மயிலாப்பூரில் நாயகி வீட்டுக் கொலுவில் இருந்ததாகவும், அவள் குங்குமத்தோடு வேஷக்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைக் கண்டதாகவும் சொல்கிறான் (22-ஆம் தேதி நவராத்திரியின் தொடக்க நாட்களில் வருகிறது, ஆகக் கொலு சரி). ஒரே கல்லில் கல்யாணத்துக்கும் சாட்சி, தனக்கும் அலிபி (குற்றம் நடந்தபோது வேறிடத்தில் இருந்தேன் என்ற சாக்கு). இதை உடைக்க நிலவு வெளிச்சத்தைப் பிடிக்கலாம். அமாவாசை கழிந்து மூன்று நாள்தான், ஒன்பதரைக்குப் பிறை இறங்கியிருக்கும். ஆனால் பஞ்சாங்கத்தைக் காட்டி நிலாச் சாட்சியை மடக்குவது 1858-லேயே ஆபிரகாம் லிங்கன் நிஜக் கோர்ட்டில் செய்த வேலை, குற்றக்கதை வாசகர் அத்தனை பேருக்கும் அத்துப்படி.

ஒலியின் வேகம்தான் கை கொடுத்தது. பர்மா ஆயில் கம்பெனி மண்ணெண்ணெய்த் தொட்டிகள் துறைமுகப் பக்கம். மயிலாப்பூர் கோயிலிலிருந்து தோராயமாக 7 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். நம் ஊர்ச் சூட்டில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகும். அதாவது மயிலாப்பூரில் நிற்பவனுக்கு வானம் சிவந்து 20 விநாடி கழித்துத்தான் சத்தம். தொட்டிக்கு அருகில் நின்றவனுக்கு இரண்டும் ஒன்றாக வரும்.

"வெளிச்சம் கண்டதும் நீர் என்ன செய்தீர்?"

"என்னத்தைச் செய்யறது சாமி, வெளிச்சமும் சத்தமும் ஒண்ணாத்தான் வந்துது. காது ரெண்டும் அடைச்சுப்போச்சு."

இந்த இரண்டு வரிதான் கொலைகாரனைப் பிடிக்கிறது. ஆனால் கேள்வியை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பீரங்கியின் மின்னலைப் பற்றிக் கேட்டால் துப்பு உடைந்துபோகும். கப்பல் கரையிலிருந்து ஏறத்தாழ 3000 கஜம் தள்ளி நின்றது. துறைமுகத்தில் நின்றவனுக்கே மின்னலுக்கும் முழக்கத்துக்கும் 8 விநாடி இடைவெளி இருந்திருக்கும். ஆகத் தொட்டி வெடித்ததைப் பற்றித்தான் வக்கீல் கேட்க வேண்டும். அடுத்த ஆபத்து, சுடுதல் ஏறத்தாழ அரை மணி ஓடியது. குண்டுகள் விழுந்துகொண்டே இருக்கும்போது எந்த ஒளிக்கு எந்த ஒலி என்று யாராலும் சொல்ல முடியாது, எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். எனவே கேள்வி முதல் தொட்டி பற்றிக்கொண்ட கணத்துக்கு மட்டும். அதற்காகவே அதற்கு முந்தைய அத்தியாயத்தில் மயிலாப்பூர் மாடியில் ஒரு கிழவி "வெளிச்சம் வந்துது, ஒரு அம்மன் ஸ்லோகம் சொல்லி முடிச்சேன், அப்புறம்தான் இடிச்சுது" என்று சும்மா பேசுவதுபோல் விதைத்தாகிவிட்டது. ஸ்லோகத்தை நிதானமாகச் சொல்லிப் பார்த்து நேரம் எடுங்கள். நாலு அடிச் செய்யுள் ஒன்று அந்த 20 விநாடிக்குள் உட்காரும்.

மணி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 1906-இலிருந்து இந்திய நிலை நேரம் வந்துவிட்டது. பழைய மெட்ராஸ் நேரம் அதைவிட ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கியது. கிழவர் ஒருவர் வீட்டுக் கடிகாரத்தைப் பிடிவாதமாகப் பழைய நேரத்திலேயே வைத்திருப்பதாக எழுதினால் அலிபியில் விளையாடலாம். இந்த நாவலில் இடமில்லை, யாருக்காவது உதவட்டும்.

காதலுக்கும் ஒரு பொருள் வேண்டுமே. அது கடிதம். உறைக்கு அரையணா, கார்டுக்குக் காலணா. வேஷக்காரன் எழுதும் எல்லாக் கடிதமும் "ஸ்ரீமதி" என்றுதான் தொடங்கும், விதவைக்கு அதுதான் மரியாதை. கடைசிக் கடிதத்தில் மட்டும் அவள் பெயருக்கு முன் "சௌ." என்று போட்டுவிடுகிறான். சுமங்கலிக்கு மட்டும் போடுகிற எழுத்து. அவள் அதைக் கிழிக்காமல் வைத்திருக்கிறாள், தாயாதி கையில் சிக்குகிறது. உறவைப் பற்றி ஒருவர் நடத்தையால் காட்டும் அபிப்பிராயமும் சாட்சியமாகும் என்பது 1872 சாட்சியச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு. புரோகிதர் செத்தபின் தாயாதிக்கு மிஞ்சுவது கணக்குப்பிள்ளையும் அந்த ஒற்றை எழுத்தும்தான். அவள் வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால், தான் விரும்பும் ஆள் தன் கணவன் இல்லை என்று கூண்டில் ஏறிச் சத்தியம் செய்ய வேண்டும். அந்த அத்தியாயத்தை எழுதக் கை துடிக்கிறது, வரிசை கெட்டுவிடும் என்று ஒத்திப்போட்டிருக்கிறேன்.

சாமான்கள் பற்றி. பத்திர நடை பிடிக்க நிஜப் பழைய பத்திரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது; "இதன் கீழ்க்கண்ட ஷெடியூல்" என்பதெல்லாம் கற்பனையில் வராது. பழைய காகிதம் விற்கும் ஒருவர் "1914 முத்திரைத்தாள்" என்று கொடுத்ததில் ஏழாம் எட்வர்ட் தலை இருந்தது. ராஜா 1910 மே மாதமே போய்ச்சேர்ந்தவர். மிச்சச் சரக்கு கொஞ்ச நாள் ஓடியிருக்கலாம், நாலு வருஷத்துக்கு ஓடியிருக்குமா? தலையைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பின்பக்கத்தில் ஸ்டாம்பு வெண்டர் எழுதும் நம்பர், தேதி, வாங்கினவர் பெயர் மூன்றும் இருக்கிறதா என்றும் பாருங்கள், போர்ஜரிக் கதைக்கு முன்பக்கத்தைவிட அதுதான் தீனி. பத்திரிகைக்கும் விளம்பரத்துக்கும் ரோஜா முத்தையா நூலகம், அரசாணைக்கு எழும்பூர் ஆவணக்காப்பகம். காப்பகத்துக்குப் போகுமுன் துறை, வருடம், எண் மூன்றும் குறித்துக்கொண்டு போகாவிட்டால் பகல் முழுக்க அட்டவணையிலேயே கழியும்.

மூன்றாம் பாகத்துக்கு வேஷக்காரனை இலங்கைக்கு ஓட்ட வேண்டும். 1914 பிப்ரவரியில்தான் பாம்பன் பாலம் திறந்தது. எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். புத்தம்புதிய வழி, போலீஸ் கண் வைக்குமுன் தப்பிக்கலாம். நாயகி போவதற்கு ஒரு இடமாக, சகோதரி சுப்பலட்சுமி 1912-இல் எழும்பூரில் தொடங்கிய விதவைகள் இல்லத்தை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் பிராமண இளம் விதவைகள், என் நாயகி முதலியார் வீட்டுப் பெண், ஆகப் படிக்கச் சேர்ப்பதா, வேலைக்குச் சேர்ப்பதா என்று முடிவாகவில்லை. அதற்கு முன் இந்தியன் பீனல் கோடு 467-ஐயும் 496-ஐயும் பிரித்துக்கொள்ள வேண்டும்: கள்ளப் பத்திரமா, ஏமாற்றுக் கல்யாணச் சடங்கா, எதில் தாயாதியை மாட்டுவது என்று. சடங்கே நடக்காதபோது 496 நிற்காது என்று படுகிறது. 467-க்குக் கள்ளப் பத்திரம் ஒன்று கையில் இருக்க வேண்டும், இப்போதைக்கு இருப்பது பொய்ச்சாட்சி மட்டும்தான். ஒரு பத்திரத்தை எந்த அத்தியாயத்தில் நுழைப்பது என்பதுதான் இந்த வாரத்து வேலை.