புது இம்பெல்லர் போட்டும் சூடு அடங்காத 40 குதிரைத்திறன் அவுட்போர்டு: தண்ணீர் போகும் வழியை முழுக்கப் பிரித்துப் பார்த்தது

என்ஜின்: இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் என்ஜின்), 40 குதிரைத்திறன். ஓடுவது பாக் விரிகுடாவில், ஃபைபர் படகில். குறை: பாதி த்ராட்டிலுக்கு மேல் பத்து நிமிடம் ஓடினால் சூட்டை எச்சரிக்கும் பஸ்ஸர் கத்துகிறது. வேகத்தைக் குறைத்தால் சற்று நேரத்தில் அடங்கிவிடுகிறது. பின்பக்கத் துளையில் தண்ணீர் நன்றாகவே பீய்ச்சுகிறது. தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரும் அண்மையில்தான் மாற்றியது.

துளையில் தண்ணீர் வந்தால் எல்லாம் சரி என்று கரையில் சொல்வது பாதிதான் உண்மை. பம்ப் தண்ணீரை மேலே ஏற்றுகிறது என்று மட்டும்தான் அந்தத் துளை சொல்லும். பல மாடல்களில் அந்தக் கிளைக்குழாய், தண்ணீர் சிலிண்டரைச் சுற்றி முடிக்கும் முன்பே பிரிந்து வெளியே வந்துவிடுகிறது. சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்குள் வழி அடைத்திருந்தாலும் பீய்ச்சல் குறையாது, சில நேரம் கூடவும் செய்யும்; உள்ளே போக இடமில்லாத தண்ணீர் திறந்திருக்கும் துளை வழியாகத்தானே வரும்.

பிரிக்கும் முன், சூடு எப்போது ஏறுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. இம்பெல்லர் மெதுவான சுழற்சியில் தன் ரப்பர் இதழ்களால் தண்ணீரை அள்ளித் தள்ளும். வேகம் கூடியதும் இதழ்கள் தாம் சுழலும் கிண்ணத்தின் சுவரிலிருந்து விலகி, வெறும் சுழற்சி விசையில் தள்ளும். அதனால் தேய்ந்த இம்பெல்லர் முதலில் ஐடிலில்தான் (த்ராட்டில் கொடுக்காத மெதுவான ஓட்டத்தில்) காட்டிக்கொடுக்கும். ஐடிலில் ஒழுங்காக இருந்து வேகத்தில் மட்டும் கொதித்தால், தேவையான அளவு தண்ணீர் போகவில்லை என்று பொருள்: உறிஞ்சும் சல்லடையில் தாழையோ (கடற்புல்) பிளாஸ்டிக் தாளோ ஒட்டியிருக்கும், அல்லது உள்வழி உப்பில் சுருங்கியிருக்கும். எந்த வேகத்திலும் கொதித்து, துளையிலும் நல்ல தண்ணீர் வந்தால் சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். துளையில் தண்ணீரே இல்லை, ஆனால் ஹெட் சூடாகவும் இல்லை என்றால் துளை மட்டும் அடைத்திருக்கிறது. தடித்த தங்கூசித் துண்டு (நைலான் மீன்பிடி நரம்பு) ஒன்றை உள்ளே விட்டுக் குத்தினால் போதும். கம்பி விட வேண்டாம், முனை கிழியும்.

இந்த என்ஜினின் அறிகுறி இரண்டாவது வகை, அதாவது வேகத்தில் மட்டும் கொதிப்பது. சல்லடை சுத்தமாக இருந்தது. ஆனாலும் வேலையைக் கீழிருந்தே தொடங்கினோம், ஏனென்றால் போன முறை இம்பெல்லரை மட்டும்தான் மாற்றியிருந்தது.

கியர் கேஸ், பம்ப்

முதலில் இரண்டு பிளக் வயரையும் கழற்றிவிட வேண்டும். புரொப்பெல்லரைக் கையால் திருப்பும்போது என்ஜின் தவறிப் பற்றிக்கொண்டால் விரல் போய்விடும். பம்பையும் புரொப்பெல்லரையும் தாங்கும் கீழ்ப்பகுதியான கியர் கேஸைப் பிடித்திருக்கும் எம்10 போல்ட்டுகளில் ஒன்று சில மாடல்களில் புரொப்பெல்லருக்கு மேலுள்ள சிறு துடுப்பு வடிவ அனோடுக்கு (என்ஜின் உலோகம் அரிக்காமலிருக்கத் தான் கரையும் உலோகத் துண்டு) அடியில் ஒளிந்திருக்கும். அந்த அனோடு எந்தக் கோணத்தில் இருந்தது என்று கழற்றும் முன் கோடு போட்டுக்கொள்ளவும். கோணம் மாறினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். கியர் மாற்றும் கம்பியின் இணைப்பைப் பிரிக்காமல் கியர் கேஸை இழுக்கக் கூடாது.

உப்பில் இறுகிய போல்ட்டை நீளமான கைப்பிடி போட்டு முறுக்குவதுதான் பலரும் செய்வது. முறிவதும் அங்கேதான். அலுமினியத்துக்குள் இருக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி இறுகியிருக்கும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடவும். பிறகு போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கவும். ஸ்டெயின்லெஸைவிட அலுமினியம் அதிகம் விரியும், பிடி தளரும். அப்புறம் சிறிது இறுக்கும் பக்கம், சிறிது தளர்த்தும் பக்கம் என்று மாற்றி மாற்றி அசைத்து எடுக்கலாம். கார்புரேட்டரும் பெட்ரோல் குழாயும் பக்கத்தில் இருக்கும் இடங்களில் நெருப்பு வேண்டாம். ஹாட் ஏர் கன் போதும்.

பம்பைத் திறந்தால் இம்பெல்லர் புதிதாகவே இருந்தது. சிக்கல் அது சுழலும் ஸ்டெயின்லெஸ் கிண்ணத்தில். உள் சுவரிலும் அடித்தட்டிலும் வளையம் வளையமாகக் கோடு. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, அடியில் சேறும் மணலும். காற்று வீசும் நாளில் கலங்கிய தண்ணீரைத்தான் பம்ப் குடிக்கிறது. மணல் இம்பெல்லரை மட்டும் தின்பதில்லை. நகத்தால் தடவி, கோட்டில் நகம் மாட்டினால் கிண்ணமும் தட்டும் மாற்ற வேண்டியவை. தேய்ந்த கிண்ணத்தில் புது இம்பெல்லர் போட்டால் இதழுக்கும் சுவருக்கும் இடையே தண்ணீர் பின்னோக்கிக் கசியும். இம்பெல்லர், சாவி (இம்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு), கிண்ணம், தட்டு, கேஸ்கெட், ஓ-ரிங் எல்லாம் சேர்ந்த கிட்டாக வாங்குவதே லாபம். டூப்ளிகேட் இம்பெல்லர் வாங்கினால் பழையதோடு பக்கத்தில் வைத்து உயரத்தை ஒப்பிடுங்கள். அரை மில்லிமீட்டர் குள்ளமாக இருந்தாலும் ஐடிலில் தண்ணீர் ஏறச் சிரமப்படும்.

பழைய இம்பெல்லரைப் பார்க்கும்போது மூன்று இடம் முக்கியம். இதழ்கள் ஒரே பக்கம் வளைந்து நிமிராமல் நின்றால் அது முடிந்தது. இதழின் அடியில் வெடிப்பு இருந்தால் அதுவும் முடிந்தது. மூன்றாவதைப் பலர் பார்ப்பதில்லை: நடுவிலுள்ள உலோகக் குழலும் ரப்பரும் ஒட்டு விட்டிருக்கும். குழலை ஒரு கையிலும் ரப்பரை மறு கையிலும் பிடித்து எதிரெதிராகத் திருகினால் தெரியும். வெளிப்பார்வைக்குப் புத்தம் புதிது, சுமை வந்ததும் வழுக்கும். ஏதாவது இதழ் உடைந்து காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டைக் கண்டுபிடிக்காமல் மூடக் கூடாது; அது மேலே ஏறி ஏதோவொரு வளைவில் உட்கார்ந்திருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு மேலிருந்து கீழாகக் குழாய்த் தண்ணீர் பாய்ச்சினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

மாட்டும்போது இதழ்களில் சோப்புக் கரைசல் தடவி, டிரைவ் ஷாஃப்டை அது வழக்கமாகச் சுழலும் திசையில் திருப்பிக்கொண்டே கிண்ணத்தை அழுத்த வேண்டும். பெரும்பாலான அவுட்போர்டுகளில் மேலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசை. பழைய இம்பெல்லரையே திரும்பப் போடுவதானால் தலைகீழாகப் போடக் கூடாது. ஒரு பக்கம் வளைந்து பழகிய இதழை மறுபக்கம் வளைத்தால் அடியில் பிளக்கும்.

கியர் கேஸைத் தூக்கி மாட்டும் நேரம்தான் இந்த வேலையில் அதிகம் சொதப்பும் இடம். மேலிருந்து தொங்கும் தண்ணீர்க் குழாய் பம்பின் ரப்பர் வாயில் நேராக இறங்க வேண்டும். அது விலகி நின்றாலும் கியர் கேஸ் ஏறி உட்கார்ந்துவிடும், போல்ட்டும் ஏறிவிடும், தண்ணீர் மட்டும் மேலே போகாது. ரப்பர் வாயில் கொஞ்சம் கிரீஸ் தடவி, டார்ச் அடித்துப் பார்த்து ஏற்றவும். டிரைவ் ஷாஃப்டின் பல் வரிகளில் கிரீஸ் பூச வேண்டும். உச்சி முகத்தில் பூசக் கூடாது. அங்கே அடைபடும் கிரீஸ் ஷாஃப்டை முழுக்க உட்கார விடாது. போல்ட் முறுக்கு, யமஹாவின் பொது அட்டவணைப்படி எம்6-க்கு 8, எம்8-க்கு 18, எம்10-க்கு 36 நியூட்டன் மீட்டர். உங்கள் மாடலின் கையேட்டில் தனி எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட்

கடல் தண்ணீரிலேயே குளிரும் பல அவுட்போர்டுகளில் தெர்மோஸ்டாட் 50 டிகிரி செல்சியஸை ஒட்டித் திறக்கத் தொடங்கி, 60-இல் முழுக்கத் திறக்கும். கார் என்ஜினில் இது 80-க்கு மேல். இங்கே குறைத்து வைத்திருப்பதற்குக் காரணம் உப்பு. கடல் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு, சூடு ஏற ஏறக் கரைவது குறைந்து சுவரில் படியும். ஒருமுறை படிந்தால் அந்த இடம் இன்னும் சூடாகும், இன்னும் படியும்.

சோதனை எளிது. வால்வின் இடுக்கில் ஒரு நூலை மாட்டித் தெர்மோஸ்டாட்டைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியும் வைத்து மெல்லச் சூடாக்கவும். இரண்டும் பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. நூலிலிருந்து தெர்மோஸ்டாட் நழுவி விழும் நேரத்து வெப்பநிலைதான் அது திறக்கும் வெப்பநிலை. இந்த என்ஜினிலிருந்து எடுத்தது 60 தாண்டியும் விழவில்லை. வால்வைச் சுற்றி வெள்ளைப் படிவம். புதியதையும் மாட்டும் முன் இதே சோதனைக்கு உட்படுத்துவது நல்லது.

நம் கடல் 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது, தெர்மோஸ்டாட் எதற்கு என்று கழற்றி வீசுகிறவர்கள் உண்டு. வேண்டாம். அது இல்லாவிட்டால் தண்ணீர் எளிதான வழியில் ஓடிவிடும், சிலிண்டரைச் சுற்றிச் சீராகப் பரவாது. ஐடிலில் என்ஜின் தேவையான சூட்டை எட்டாமல் எரிபொருள் சரியாக ஆவியாகாது, பிளக் எண்ணெய் குடித்துக் கருக்கும். மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜினில் இது இன்னும் மோசம்.

ஹெட்டுக்குள் உப்பு

குற்றவாளி இங்கேதான் கிடைத்தது. மேல் சிலிண்டரைச் சுற்றிய வழியில் பாதிக்கு மேல் கெட்டியான படிவம், நடுவே சாம்பல் நிற அலுமினிய அரிப்பு. ஹெட்டுக்குள் இருந்த சிறு அனோடு கரைந்து தடமே இல்லை. வெளியே தெரியும் அனோடை எல்லோரும் பார்க்கிறார்கள், உள்ளே இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊறவைக்கவும். சாதா உப்பு அதிலேயே கரைந்துவிடும். மிஞ்சுவது சுண்ணாம்பு. அதற்கு லிட்டருக்கு 60 கிராம் சிட்ரிக் ஆசிட் தூள். நுரை எழுந்து அடங்கும்வரை, அதாவது அரை மணி முதல் ஒரு மணி நேரம். போதாவிட்டால் அதே கரைசலில் நாள் முழுக்கப் போட்டுவைக்காமல் புதுக் கரைசலில் மறுபடி. சுரண்ட மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக். கழிவறை கழுவும் ஆசிட்டைத் தொடவே வேண்டாம். அது சுண்ணாம்பைவிட வேகமாக அலுமினியத்தைத் தின்னும். முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவவும்.

ஹெட் கேஸ்கெட் புதிது. பழையதை மறுபடி போட்டால் மிச்சமாவது நூறுகளில், போவது ஆயிரங்களில். ஹெட்டின் முகத்தைத் தட்டையான கண்ணாடிமேல் ஒட்டிய 400-ஆம் எண் உப்புத்தாளில் எட்டு வடிவில் தேய்த்தால் வளைவு தெரிந்துவிடும்; தாள் படாத இடம் பளபளக்காது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு கட்டமாக இறுக்கவும். ஒவ்வொரு போல்ட்டின் மரையிலும் மெரைன் கிரீஸ் மெல்லிய பூச்சாக. அனோடு உலோகத்தோடு நேரடியாகத் தொட்டால்தான் வேலை செய்யும். அது உட்காரும் இடத்தைப் பளிச்சென்று சுரண்டிவிட்டுப் பூட்டவும், பெயின்ட் கூடாது.

ஓட்டிப் பார்த்தது

உறிஞ்சும் சல்லடைமேல் காது மாதிரி இரண்டு பக்கமும் மாட்டிக் குழாய்த் தண்ணீர் விடும் ஃபிளஷிங் கப் வைத்துச் சோதித்தால் பம்பைப் பற்றி எதுவும் தெரியாது. குழாய் அழுத்தமே தண்ணீரை ஏற்றிவிடும். அதனால் 200 லிட்டர் டிரம்மை மேல்பக்கம் வெட்டி, புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டு பத்து சென்டிமீட்டர் மூழ்கும் அளவு தண்ணீர் நிரப்பி, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில் ஐடிலில் ஓட்டினோம். திறந்த வெளியில்தான்; புகையில் கார்பன் மோனாக்சைடு. டிரம் தண்ணீர் சீக்கிரம் சூடாகும், பத்து நிமிடத்துக்கு மேல் அதே தண்ணீரில் ஓட்டினால் அளவு பொய்யாகும்.

இன்ஃப்ராரெட் வெப்பமானியைப் பளபளக்கும் அலுமினியத்தில் காட்டினால் குறைத்துக் காட்டும். இரண்டு சிலிண்டர் ஹெட்டிலும் ஒரே உயரத்தில் கறுப்பு டேப் துண்டு ஒட்டி, அதில் அளக்கவும். 50 முதல் 65 வரை இயல்பு. மேல் சிலிண்டருக்கும் கீழ் சிலிண்டருக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கம் இன்னும் அடைப்பு இருக்கிறது. 80 தாண்டினால் நிறுத்திவிட வேண்டியதுதான். கடலில் அதே பாதி த்ராட்டிலில் இந்த என்ஜின் இப்போது இயல்பு எல்லைக்குள் நிற்கிறது, பஸ்ஸர் கத்தவில்லை. பஸ்ஸரே செத்துப்போய்க் கத்தாமல் இருக்கலாம் என்பதால் அதையும் சோதிக்க வேண்டும்: யமஹாவில் ஹெட்டிலுள்ள வெப்ப ஸ்விட்சிலிருந்து வரும் இளஞ்சிவப்பு வயரை, சாவி ஆனில் இருக்கும்போது என்ஜின் உடலில் தொட வைத்தால் பஸ்ஸர் ஒலிக்க வேண்டும்.

கடலில் பஸ்ஸர் கத்தினால் உடனே ஐடிலுக்கு வந்து, ஒருமுறை ரிவர்ஸ் போட்டால் சல்லடையில் ஒட்டிய தாளோ சொறியோ (ஜெல்லிமீன்) பெரும்பாலும் விலகும். அதன் பிறகும் துளையில் தண்ணீர் இல்லையென்றால் நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிடவும். சூடான ஹெட்டில் கடல் தண்ணீரை அள்ளி ஊற்றுவதால் ஹெட் வளைந்து கேஸ்கெட் போகும். கரைக்கு வந்ததும் கம்ப்ரஷன் அளந்து பார்க்கவும். இரண்டு சிலிண்டருக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிங்கையோ கேஸ்கெட்டையோ சந்தேகப்பட வேண்டும்.

இனி இந்த என்ஜினுக்கு முறை: ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் நல்ல தண்ணீர் பாய்ச்சல். முதலில் தண்ணீரைத் திற, பிறகு ஸ்டார்ட். முதலில் என்ஜினை நிறுத்து, பிறகு தண்ணீரை மூடு. தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடினால்தான் நல்ல தண்ணீர் ஹெட்டுக்குள் முழுக்கச் சுற்றும். ஹெட்டைக் கைவைத்துப் பார்த்துச் சூடேறிய பின்னும் சில நிமிடம் விடவும். கழுவியதும் என்ஜினைச் செங்குத்தாக நிறுத்தினால் உள்ளிருக்கும் தண்ணீர் வடியும், சாய்த்து வைத்தால் வளைவுகளில் தேங்கும். கலங்கிய தண்ணீரில் ஓடுவதால் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை பம்பைத் திறந்து பார்ப்பது, உள் அனோடு மூன்றில் ஒரு பங்கு கரைந்ததும் மாற்றுவது. வடகிழக்குப் பருவமழையில் படகு கரையேறும்போது இம்பெல்லரைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு, கழற்றியது மறந்துபோகாமல் இருக்க ஸ்டார்ட்டர் கயிற்றில் ஓர் அட்டை கட்டிவிடுவது.