பிள்ளைக்கு எண்ணெய், தாய்க்கு ஊசி

ஜனவரி 6

பேத்தியைக் குளிப்பாட்ட இன்று முதல் ஆச்சி வருகிறார். பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் காலில் கிடந்து குளித்தவர்கள்தான். என் மகளும் அப்படித்தான். ஆச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒரு நாளைக்கு 200 ரூபாய், வெற்றிலை தனி.

எங்கள் பிள்ளை 34 வாரத்திலேயே சிசேரியனில் பிறந்தவள். டிசம்பர் 14 அன்று 1 கிலோ 850 கிராம். ஜனவரி 3-ஆம் தேதி வீட்டுக்கு விடும்போது 2 கிலோ 50 கிராம். கிளம்புகிற அன்று நர்ஸ் எண்ணெய் தடவும் விதத்தைச் செய்தே காட்டினார். தேங்காயெண்ணெய் போதும், பால் குடித்த உடனே வேண்டாம், அறை கதகதப்பாக இருக்க வேண்டும். "பயந்துபோய் விரல் நுனியால வருடாதீங்க, அது பிள்ளைக்குக் கூசும். கொஞ்சம் அழுத்தம் இருக்கணும்" என்றார்.

ஜனவரி 7

முதல் சண்டை. குளிப்பாட்டி முடித்ததும் ஆச்சி சுண்டுவிரலில் எண்ணெயைத் தொட்டுப் பிள்ளையின் மூக்குக்குக் கொண்டுபோனார். கையைப் பிடித்துக்கொண்டேன். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா வரும். அப்புறம் தொண்டைக்குள் விரல் விட்டுக் கோழை எடுப்பது, பிள்ளையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது, சேலையில் போட்டு உருட்டி உரம் எடுப்பது, எல்லாமே வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். தாயின் ஹார்மோன் பிள்ளை உடம்பில் மிச்சம் இருப்பதால்தான் அந்த மார்பு வீக்கம். விட்டால் தானாக வற்றும், பிதுக்கினால் சீழ் கட்டும்.

"அப்போ நான் எதுக்கு வாறேன்?" என்றார் ஆச்சி.

"உங்க கைக்குத்தான் ஆச்சி."

பதில் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். நாளைக்கு வருவாரோ மாட்டாரோ.

ஜனவரி 10

வந்தார். இன்று பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு காலையும் நீட்டி, துணி விரித்து, பிள்ளையைக் குப்புறப் போடுகிறார். எண்ணெயை நேரே உடம்பில் ஊற்றுவதில்லை. தன் உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் உரசிச் சூடாக்கிக்கொள்கிறார். அப்புறம் தொடையிலிருந்து கணுக்கால் வரை ஒரே இழுப்பு. மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்: ஒன்று, இரண்டு... ஐந்து எண்ணும்போது கை கணுக்காலில் இருந்தது. அந்தக் கால் மொத்தமே 15 சென்டிமீட்டர் இருக்கும். அப்படியானால் விநாடிக்கு 3 சென்டிமீட்டர்.

பிளஸ் டூ விலங்கியல் நடத்திய புத்தி சும்மா இருக்குமா? ரோமம் உள்ள தோலில் சி-டாக்டைல் என்று மெல்லிய நரம்பிழைகள் உண்டு. நரம்பிழையைச் சுற்றும் மயலின் என்ற கொழுப்பு உறை இல்லாததால் செய்தியை விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் கடத்தும். முள் குத்தியதைச் சொல்வதற்கு ஆனவை அல்ல, சுகமான தொடுகையைச் சொல்பவை. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போதுதான் அவை நன்றாக விழித்துக்கொள்ளும். ஸ்வீடன் விஞ்ஞானிகள் தூரிகையும் இயந்திரமும் வைத்து அளந்த வேகம், ஆச்சியிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஜனவரி 12

மாப்பிள்ளை போனில் கேட்டார்: "தடவினா வெயிட் ஏறுமாமே, அத்தை?"

வெறும் பேச்சில்லை. 1986-இல் டிஃபனி ஃபீல்டு என்ற உளவியலாளரும் அவர் குழுவும் அமெரிக்காவில் 40 குறைமாதக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை, 15 நிமிடம் வீதம், பத்து நாள் தடவிக் கை கால்களை மடக்கி நீட்டிவிட்டார்கள். அவர்களுக்கு மற்றவர்களைவிட 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியது. ஆறு நாள் முன்னதாகவே வீட்டுக்கும் போனார்கள். தோலில் படும் மிதமான அழுத்தம் மூளையிலிருந்து வயிறு வரை போகும் வேகஸ் நரம்பைத் தூண்டுகிறது, அதனால் இரைப்பை நன்றாக அசைகிறது, குடித்த பால் உடம்பில் ஒட்டுகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

நாற்பது பிள்ளைகள் என்பது சின்னக் கணக்குதான். எங்கள் வீட்டில் எடை ஏறினால் முதல் பெருமை மகளின் பாலுக்கு. இரண்டரை மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து கொடுக்கிறாள், பாவம்.

ஜனவரி 15

பொங்கல் பானையைத் தூக்கியதில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஆச்சி பின்னால் உட்கார்ந்து கட்டை விரலால் அழுத்திவிட்டார். "கெட்ட நீர் கட்டியிருக்கு, தேச்சா வடிஞ்சிரும்" என்றார்.

அவரைச் சொல்லி என்ன? தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்துதான் வலி வருகிறது, மசாஜ் செய்தால் அது வெளியேறும் என்று நானே இருபது வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். லாக்டேட், அதாவது ரத்தத்தில் அந்த அமிலம் இருக்கும் வடிவம், தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக ரத்தத்தைவிட்டு நீங்கிவிடும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பதினொரு இளைஞர்களை மூச்சு முட்ட சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு தொடையிலும் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். 2012-இல் வந்தது முடிவு. தேய்த்த காலில் அழற்சிக்கான சமிக்ஞை குறைந்திருந்தது, லாக்டேட்டில் மாற்றமே இல்லை. அதைப் படித்த அன்று என் பழைய மாணவிகள் முகமெல்லாம் வரிசையாக வந்துபோயின.

வலி குறைந்தது உண்மை. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1965-இல் சொன்ன வாயிற்கதவுக் கணக்குப்படி, அழுத்தத்தைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியை உள்ளே விடாமல் மறித்துக்கொள்ளும். இடித்த முழங்கையை நாமே தேய்த்துக்கொள்வதும் அதற்குத்தான். சாயங்காலம் வரை தாங்கியது. ராத்திரி மறுபடி பிடித்தது.

ஜனவரி 19

மகளுக்கு இரண்டு நாளாக இடது கெண்டைக்காலில் வலி. உட்கார்ந்தே பால் கொடுப்பதால் பிடித்துக்கொண்டது என்று நினைத்து, நேற்று ராத்திரி நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நான்தான் தேய்த்தேன். நன்றாக அழுத்தியே. காலையில் பார்த்தால் கால் தடித்து, தொட்டால் சுடுகிறது. ஆச்சி, "நானும் ஒரு கை பாக்கட்டா?" என்று எண்ணெயை எடுத்தார். ஏதோ தோன்றியது, வேண்டாம் என்றேன். ஒரு கால் மட்டும் வீங்குவது பிடிப்பு மாதிரி தெரியவில்லை.

டாக்டர் மேஜையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார். வலது 32 சென்டிமீட்டர், இடது 36. உடனே ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் கட்டியிருக்கிறது.

"தேச்சீங்களா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் திட்டவில்லை. தேய்த்தால் கட்டி பிய்ந்துபோய், இதயம் வழியாக நுரையீரலில் அடைத்துக்கொள்ளலாம் என்றார். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை ரத்தம் எளிதில் கட்டும், சிசேரியன் என்றால் இன்னும் கூடுதல். ரத்த ஓட்ட மண்டலப் பாடத்தில் இதையும் நான் நடத்தியிருக்கிறேன்.

ஜனவரி 20

தூக்கமில்லை. ராத்திரி முழுக்க மகள் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். அட்மிட் ஆகியிருக்கிறாள். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றுத் தோலில் காலையும் மாலையும் ஊசி. பால் கொடுக்கலாம் என்றார்கள், அது ஒரு நிம்மதி.

ஜனவரி 24

வீட்டுக்கு வந்துவிட்டோம். மருந்து குறைந்தது 3 மாதம். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே ஓடிவர வேண்டும்.

ஆச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், வருஷங்களுக்கு முன்னால் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். கால் வீங்கியிருந்ததாம், இவர்தான் தேய்த்தாராம். மூன்றாம் நாள் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாளாம். காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள்.

"அது இதுதானா தாயி?"

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நமக்கெப்படித் தெரியும் ஆச்சி என்றேன். எண்ணெய்க் கிண்ணம் அவர் மடியிலேயே இருந்தது. பிள்ளை சிணுங்கிய பிறகுதான் எழுந்தார்.

பிப்ரவரி 7

எடை 3 கிலோ 20 கிராம். கையில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது. மகளின் கால் வீக்கம் பெரும்பாலும் வற்றிவிட்டது.

மதியம் எனக்குக் கால் உளைச்சல். ஆச்சியிடம் சொன்னேன். முன்பென்றால் எண்ணெயோடு வந்து உட்கார்ந்திருப்பார். இன்று பூக்கட்டும் நாரில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்தார்.

"ரெண்டு காலையும் நீட்டு."

நாரை முதலில் வலது கெண்டையில் சுற்றி நகத்தால் அடையாளம் வைத்தார். அப்புறம் இடது. கண்ணைச் சுருக்கி நாரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றினார்.